லீஃப்லெட்டும் அதிலிருந்து பிரிந்த துண்டுகளும்: ஒரு டெவலப்பரின் வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

வலைப்பக்கத்தில் ஒரு வரைபடம் வைக்க வேண்டும் என்றால், பல வெப் டெவலப்பர்களின் கை முதலில் போவது லீஃப்லெட்டுக்குத்தான். விக்கிப்பீடியாவில் ஓர் ஊரைப் பற்றிய பக்கத்தில் இருக்கும் வரைபடத்தைத் தட்டினால் திரை முழுக்க விரிகிறதே, அதை இயக்குவது லீஃப்லெட். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் முகப்பில் நாம் இழுத்துப் பார்ப்பதும் அதைத்தான். உக்ரைனின் கீவ் நகரத்தைச் சேர்ந்த வோலோதிமிர் அகஃபோன்கின் எழுதி, 2011 மே மாதம் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இது; அதாவது மற்ற டெவலப்பர்கள் தங்கள் பக்கத்தில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த கோட்.

லீஃப்லெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் அதற்குப் பிறகு வரிசையாக எழுதிய சின்னச் சின்ன லைப்ரரிகளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. ஆர்புஷ், சூப்பர்கிளஸ்டர், இயர்கட், பிக்சல்மேட்ச், டெலோனேட்டர் என்று அந்தப் பட்டியல் நீளம். எனக்கு லீஃப்லெட்டைவிட இவைதான் முக்கியமாகப் படுகின்றன. தன் வேலையை எந்த இடத்தில் துண்டாக வெட்டுவது என்று அவர் எடுத்த முடிவுகளால்தான், வேலை பார்த்த நிறுவனம் மாறியும், பெரிய தயாரிப்பின் லைசென்ஸ் மாறியும், சொந்த ஊரில் போர் வந்தும் அந்த கோட் இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அந்த முடிவுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன்.

2011-ல் நிலைமை

கூகுள் மேப்ஸ் 2005 பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்பிருந்த இணைய வரைபடங்களில் ஓர் அம்புக்குறியை அழுத்தினால் பக்கம் முழுதும் மறுபடி ஏறும்; காத்திருக்க வேண்டும். கூகுள் வரைபடத்தைச் சதுரத் துண்டுகளாக முன்கூட்டியே வரைந்து வைத்து, தேவையான துண்டுகளை மட்டும் அனுப்பியது. இந்தத் துண்டுகளைத்தான் டைல் என்கிறோம். ஒவ்வொன்றும் 256 பிக்சல் அகலம், 256 பிக்சல் உயரம். ஜூம் 0-வில் மொத்த உலகமும் ஒரே டைல். ஒரு படி உள்ளே போனால் ஒவ்வொரு டைலும் நான்காகப் பிரியும். ஜூம் 18-க்குப் போனால் உலகம் முழுக்க ஏறத்தாழ 6,872 கோடி டைல்கள். ஆனால் நம் திரையில் ஒரு நேரத்தில் தெரிவது இருபது முப்பதுதான். அந்த இருபது முப்பதைச் சரியாகக் கேட்டு வாங்கி, சரியான இடத்தில் ஒட்டுவதுதான் வரைபட லைப்ரரியின் அடிப்படை வேலை.

2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமாக அதற்குள் நன்றாக வளர்ந்திருந்தது. ஆக, தரவு திறந்த நிலையில் இருந்தது. அதைப் பக்கத்தில் காட்டுவதற்கான கருவிதான் சிக்கல். ஓபன்லேயர்ஸ் என்ற ஓபன்சோர்ஸ் லைப்ரரி 2006 முதலே இருந்தது. புவித்தகவல் துறையில் இருப்பவர்களுக்கு அது ஒரு வரம். எந்தத் தரவு வடிவத்தைக் கொடுத்தாலும் படிக்கும், எந்த வரைபட வீழலையும் (உருண்டை உலகைத் தட்டையாக வரையும் முறை) கையாளும். ஆனால் உணவகத்தின் முகவரியைக் காட்ட விரும்பும் ஒரு வெப் டெவலப்பருக்கு அது மலைப்பாக இருந்தது. கோட் அளவும் பெரிது, கற்க வேண்டியதும் நிறைய. அந்தச் சமயத்தில்தான் தொடுதிரை போன்கள் பரவத் தொடங்கியிருந்தன. இரண்டு விரலால் விரித்தால் வரைபடம் கூடவே விரிய வேண்டும் என்று மக்கள் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

அகஃபோன்கின் அப்போது கிளவுட்மேட் என்ற நிறுவனத்தில் இருந்தார். ஸ்டீவ் கோஸ்ட் சேர்ந்து நிறுவியது அது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை வைத்துச் சேவை தருவது அதன் தொழில். வாடிக்கையாளர்கள் தங்கள் பக்கத்தில் வரைபடம் வைக்க ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஏற்கெனவே அங்கே இருந்தது. அதைத் திரும்ப எழுதும் வேலைதான் லீஃப்லெட் ஆனது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளருக்காக மட்டும் எழுதப்பட்டிருந்தால் அந்த நிறுவனத்தோடு அது முடிந்திருக்கும். கிளவுட்மேட்டின் சேவையோடு கட்டிப்போடாமல், யாருடைய டைலையும் காட்டும் விதமாக எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் பிஎஸ்டி லைசென்ஸில் வெளியிட்டார்கள். முதல் வெட்டு அங்கேதான் விழுந்தது.

உள்ளே என்ன நடக்கிறது

லீஃப்லெட்டின் கோட்டைத் திறந்து படித்தால் முதலில் கண்ணில் படுவது, உலாவியே செய்யக்கூடிய எதையும் அது தன் தலையில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான். டைல் என்பது வெறும் பட உறுப்பு. எந்த வலைப்பக்கத்திலும் படம் போடுவதற்குப் பயன்படுத்தும் அதே உறுப்பு. வரைபடத்தை விரலால் இழுக்கும்போது ஒவ்வொரு டைலையும் அது நகர்த்துவதில்லை. எல்லா டைல்களையும் உள்ளடக்கிய ஒரே ஒரு பெட்டியை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் உருமாற்றத்தால் நகர்த்துகிறது. அந்த நகர்வைப் பெரும்பாலான உலாவிகள் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைத்துவிடும். 2011-ன் போன்களில் லீஃப்லெட் வழுக்கிக்கொண்டு ஓடியதற்கு இது முக்கியக் காரணம்.

ஜூம் செய்யும்போதும் அப்படித்தான். பழைய டைல்களை அதே சிஎஸ்எஸ் மூலம் பெரிதாக்கிக் காட்டிவிட்டு, புது டைல்கள் வந்து சேர்ந்ததும் மெல்ல மேலே தெரிய வைக்கிறது. பார்ப்பவருக்கு நடுவில் வெள்ளைத் திரை தெரிவதில்லை.

கோடுகளும் பரப்புகளும், ஒவ்வொரு வடிவத்தையும் தனி உறுப்பாக வைக்கும் எஸ்விஜியில் வரையப்படுகின்றன. வேண்டுமென்றால், எல்லாவற்றையும் ஒரே படமாகத் தீட்டும் கேன்வாஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு ஆற்றின் கரையை விவரிக்கப் பல ஆயிரம் புள்ளிகள் இருக்கும். மாநிலம் முழுதும் தெரியும் ஜூமில் அந்த ஆறு திரையில் ஒரு விரல் நீளம்தான். எல்லாப் புள்ளிகளையும் வரைவது வீண். ஆகவே லீஃப்லெட் ஒவ்வொரு ஜூமிலும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைக் கழித்துவிட்டு, திரைக்கு வெளியே போகும் பகுதியையும் வெட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் வரைகிறது. கழிக்கும் முறை 1970-களின் தொடக்கத்தில் ராமர், டக்ளஸ், பாய்க்கர் ஆகியோர் கண்டது: இரு முனைகளை நேர்க்கோட்டால் இணைத்து, அதிலிருந்து மிகத் தள்ளி நிற்கும் புள்ளியைத் தேடு, அது குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால் நடுவில் உள்ளவற்றை நீக்கு, இல்லையென்றால் அந்தப் புள்ளியில் இரண்டாகப் பிரித்து மறுபடி செய். அதற்கு முன்னால், மிக நெருக்கமாகக் கிடக்கும் புள்ளிகளை ஒரு வேகமான சுற்றில் தட்டிவிடும் படியையும் அகஃபோன்கின் சேர்த்தார்.

இந்தச் சிறு பகுதியை அவர் லீஃப்லெட்டிலிருந்து பிரித்து எடுத்து, சிம்ப்ளிஃபை என்ற பெயரில் தனி லைப்ரரியாக வெளியிட்டார். வரைபடமே வேண்டாதவர்கள்கூட, உதாரணமாக ஜிபிஎஸ் தடத்தைச் சுருக்க விரும்புகிறவர்கள், அதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் இதுதான் முன்மாதிரி என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், லீஃப்லெட்டுக்குள் எதைச் சேர்க்க மறுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இடத்தைக் குறிக்கும் மார்க்கர்களைக் கொத்தாக்குவது, வரைபடத்தின் மேல் வரையும் கருவி, வழி தேடல், செறிவை நிறத்தால் காட்டும் வெப்பப் படம் என எல்லாமே வெளியே பிளகின்களாக, அதாவது தனியே சேர்த்துக்கொள்ளும் துணைத் துண்டுகளாகத்தான் இருக்கின்றன. சுருக்கி அனுப்பும்போது லீஃப்லெட் இன்றும் சுமார் 42 கேபிதான். ஓர் ஓபன்சோர்ஸ் திட்டத்தில் நல்ல வசதியோடு ஒருவர் வந்து கதவைத் தட்டும்போது, அன்பாக வெளியே பிளகினாகச் செய்யச் சொல்வது எளிதான காரியமில்லை. பயனர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு வளரும் எந்தத் திட்டத்துக்கும் சேர்த்துவிடலாமே என்ற ஆசை வரும். அந்த ஆசைக்கு இணங்காமல் இருந்தது பெரிய விஷயம்.

கூகுள் கட்டணமும் ஃபோர்ஸ்குவேரும்

லீஃப்லெட் வெளிவந்த அதே 2011-ன் அக்டோபரில் கூகுள் ஓர் அறிவிப்பு விட்டது: நாளொன்றுக்கு 25,000 முறைக்கு மேல் வரைபடம் ஏற்றும் தளங்கள் ஆயிரத்துக்கு 4 டாலர் கட்ட வேண்டும். சில மாதங்களில் அதை அரை டாலராகக் குறைத்தார்கள். ஆனால் அதற்குள் பலர் மாற்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். 2012-ன் தொடக்கத்தில், சென்ற இடங்களைப் பதிவுசெய்து பகிரும் சேவையான, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் வைத்திருந்த ஃபோர்ஸ்குவேர் கூகுளை விட்டு விலகி, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவுக்கும் மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தின் டைல்களுக்கும் மாறியது. அவற்றைக் காட்ட லீஃப்லெட்டை எடுத்தது. ஒரு சிறு லைப்ரரி இவ்வளவு பெரிய தளத்தைத் தாங்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

2018 ஜூலையில் கூகுள் விலைப்பட்டியலை மறுபடி மாற்றியபோதும் இதே அலை. அப்போது மாதம் 200 டாலர் மதிப்புக்கு இலவசம், அதற்கு மேல் ஆயிரம் ஏற்றத்துக்கு 7 டாலர் என்று ஆனது. இலவச அளவுக்குள் இருந்தவரும் கட்டணக் கணக்கு திறந்தாக வேண்டியிருந்தது. இங்கே சிறு கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் தளம் செய்துகொடுக்கும் டெவலப்பர்கள் பலரும் லீஃப்லெட்டைப் பழகிக்கொண்டது அந்த ஆண்டில்தான்.

துண்டு துண்டாக

அகஃபோன்கின் 2013-ல் மேப்பாக்ஸில் சேர்ந்தார். அங்கே, கிராஃபிக்ஸ் சிப்பை உலாவி பயன்படுத்த வழிசெய்யும் வெப்ஜிஎல் கொண்டு வரைபடத்தை உலாவிக்குள்ளேயே வரையும் மேப்பாக்ஸ் ஜிஎல் என்ற பெரிய லைப்ரரி உருவாகிக்கொண்டிருந்தது. டைலைப் படமாக அனுப்பாமல், தெருக்களின் வடிவத்தையே தரவாக அனுப்பி, பயனரின் கணினியில் வரைவது அதன் வழி. ஒவ்வொரு ஃபிரேமையும் பதினாறு மில்லிசெகண்டுக்குள் வரைந்து முடித்தால்தான் வழுக்கும். அதற்குள் செய்ய வேண்டிய கணக்குகள் ஏராளம். இந்தக் கணக்குகளை அவர் ஒவ்வொன்றாகத் தனி லைப்ரரியாக வெட்டினார்.

எனக்கு மிகப் பிடித்தது ஆர்புஷ். லட்சம் புள்ளிகளில் இந்தத் திரைக்குள் விழுபவை எவை என்று கேட்டால், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது மூடத்தனம். தபால்காரர் மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்கிப் போகிற மாதிரி, அருகருகே இருப்பவற்றை ஒரு பெட்டிக்குள் போட்டு, அருகருகே உள்ள பெட்டிகளை இன்னொரு பெரிய பெட்டிக்குள் போட்டு, மரமாக அடுக்குவதுதான் ஆர்-ட்ரீ. திரைக்கு வெளியே இருக்கும் பெரிய பெட்டியை உள்ளே எட்டிப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். 1984-ல் குட்மன் வெளியிட்ட யோசனை இது. ஆர்புஷில் ஒரு பெட்டிக்குள் வழக்கமாக 9 உருப்படிகள் வரைதான். எல்லாத் தரவையும் மொத்தமாகக் கொடுத்தால், ஒன்றொன்றாகச் செருகுவதைவிட வெகு வேகமாக மரத்தைக் கட்டும் வழியும் உள்ளது. கோட் சில நூறு வரிதான்; கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் ஒரு மாலையில் உட்கார்ந்து படித்து முடிக்கலாம்.

இதில் ஒரு விசேஷம்: லீஃப்லெட்டின் நேரடிப் போட்டியாளர் என்று சொல்லத்தக்க ஓபன்லேயர்ஸ் உள்ளுக்குள் பயன்படுத்துவதும் இதே ஆர்புஷைத்தான். லீஃப்லெட்டுக்குள் புதைத்து வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. போட்டியாளரும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது தனித்து நின்றது.

சூப்பர்கிளஸ்டர் வேறொரு பிரச்சினையைத் தீர்க்கிறது. ஒரு மாநிலத்தின் எல்லா ரேஷன் கடைகளையும் வரைபடத்தில் குறித்தால் மார்க்கர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒன்றும் தெரியாது. அருகில் இருப்பவற்றைச் சேர்த்து ஒரு வட்டமாகக் காட்டி, உள்ளே எத்தனை என்று எண் போட வேண்டும். லீஃப்லெட்டுக்கு ஏற்கெனவே மார்க்கர்கிளஸ்டர் என்ற அருமையான பிளகின் உண்டு. ஐம்பதாயிரம் மார்க்கர் கொண்ட டெமோவே அதில் இருக்கிறது. லட்சக்கணக்கில் போனால் வேறு வழி வேண்டும். சூப்பர்கிளஸ்டர் மிக உள்ளான ஜூமிலிருந்து தொடங்குகிறது. முதலில் ஜூம் 16-ல் நாற்பது பிக்சல் ஆரத்துக்குள் இருப்பவற்றைக் கொத்தாக்கும். ஜூம் 15-க்குப் போகும்போது மூலப் புள்ளிகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 16-ல் கிடைத்த கொத்துகளையே எடுத்து மறுபடி கொத்தாக்கும். இப்படி மேலே போகப் போகக் கையில் இருக்கும் புள்ளிகள் குறைந்துகொண்டே வருவதால் ஒவ்வொரு படியும் முந்தியதைவிட லேசாகிறது. ஒருமுறை இதைச் செய்து வைத்துவிட்டால், பயனர் எந்த ஜூமுக்குப் போனாலும் விடை தயார். கொத்தாக்கும் பகுதிக்கும் திரையில் வரையும் பகுதிக்கும் தொடர்பே கிடையாது. ஆகவே அதை உலாவியின் பின்னணியில் ஓடும் வெப் ஒர்க்கரில் தனியாக ஓடவிடலாம், சர்வரிலும் ஓடவிடலாம்.

இயர்கட் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு முக்கோணம் மட்டும்தான் தெரியும். ஏரி, கட்டடம், வார்டு எல்லை என எந்த வடிவத்தையும் முதலில் முக்கோணங்களாக அறுத்துத் தர வேண்டும். இயர்கட் ஓரமாகத் துருத்திக்கொண்டிருக்கும் முனைகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போகும். முனைகள் எண்பதுக்கு மேல் போனால், இடத்தால் நெருங்கியவை பட்டியலிலும் நெருங்கி வரும்படி ஒரு வரிசை எண் கொடுத்து, தேடலைக் குறைக்கும். இதில் நான் மதிப்பது அதன் நேர்மை. எல்லா வடிவத்துக்கும் கச்சிதமான விடை தருவேன் என்று அது சொல்லிக்கொள்வதில்லை. ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் பழுதான பரப்பைக் கொடுத்தாலும் விழுந்துவிடாமல் ஏதோ ஒரு சுமாரான விடையைத் தரும். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குகிறேன் என்று அறிமுகக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. விடை எவ்வளவு விலகியது என்று சோதித்துப் பார்க்க ஒரு செயற்கூறும் கூடவே வருகிறது. நடைமுறையில் வரும் வரைபடத் தரவு பழுதில்லாமல் இருப்பது அபூர்வம் என்பதால், இந்த முடிவுதான் சரி. முப்பரிமாணக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற திரீ.ஜேஎஸ் லைப்ரரியும் இயர்கட்டைத்தான் தன்னுள் வைத்திருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோஜேசன்-விடி பெரிய ஜியோஜேசன் கோப்பை (இடங்களின் தரவை எழுதும் ஒரு வடிவம்) உலாவியிலேயே வெக்டர் டைல்களாக, அதாவது படத்துக்குப் பதில் வடிவத் தரவு கொண்ட டைல்களாக நறுக்குகிறது; சிம்ப்ளிஃபையின் அதே யோசனையைப் புள்ளிக்கு ஒருமுறை மட்டும் கணக்கிட்டு எல்லா ஜூமுக்கும் பயன்படுத்துகிறது. பாலிலேபிள் ஒரு பரப்புக்குள் விளிம்பிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது, ஊர்ப் பெயரை அழகாக எழுத. டெலோனேட்டர் புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கிறது; தரவைப் படமாக்கும் டி3 லைப்ரரிக் குடும்பம் அதை உள்ளுக்குள் பயன்படுத்துகிறது. சன்கால்க் சூரியன் எந்த நேரத்தில் வானத்தில் எங்கே நிற்கும் என்று சொல்லும். பிக்சல்மேட்ச் இரண்டு படங்களை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும். ஏறத்தாழ 150 வரி, வேறு எந்த லைப்ரரியையும் சார்ந்ததில்லை. வரைபடம் சரியாக வரையப்படுகிறதா என்று சோதிக்க எழுதப்பட்ட அது, இன்று வலைத்தளங்களைச் சோதிக்கும் கருவியான பிளேரைட்டில் ஸ்கிரீன்ஷாட் சோதனை எழுதும் எல்லோரிடமும் ஓடுகிறது. அவர்களில் பலருக்கு அது வரைபட வேலையிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

2020 டிசம்பர்

2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் தன் ஜிஎல் லைப்ரரியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது பிஎஸ்டி லைசென்ஸைக் கைவிட்டது. இனி மேப்பாக்ஸ் கணக்கும் அதன் டோக்கனும் (அனுமதிக் குறியீடு) இருந்தால்தான் பயன்படுத்தலாம். ஏற்றத்துக்கு ஏற்றம் கட்டணம். அதுவரை பங்களித்த வெளியாட்கள் பலருக்கு இது பெரிய வருத்தம். நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: பெரும் செலவு செய்து எழுதிய கோட்டைப் போட்டி நிறுவனங்கள் அப்படியே எடுத்து விற்கும்போது எத்தனை நாள் பொறுப்பது? இருந்தாலும், பழைய திறந்த பதிப்பிலிருந்து கிளை பிரித்து மேப்லிப்ரே என்ற சமூகத் திட்டம் உடனே தொடங்கியது. இன்று அது தன் காலில் நிற்கிறது.

இங்கேதான் அந்தச் சின்னத் துண்டுகளின் மதிப்பு தெரிந்தது. இயர்கட், சூப்பர்கிளஸ்டர் போன்றவை தனித்தனிக் கோட் களஞ்சியங்களில், தனித்தனித் திறந்த லைசென்ஸில் இருந்தன. சில நிறுவனத்தின் கணக்கில், சில அவருடைய சொந்தக் கணக்கில். பெரிய தயாரிப்பின் லைசென்ஸ் மாறியபோது இவை எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மேப்பாக்ஸும் பயன்படுத்தியது, பிரிந்துபோன மேப்லிப்ரேயும் பயன்படுத்தியது, திரீ.ஜேஎஸ்ஸும் கவலையில்லாமல் தொடர்ந்தது. இதே கணக்குகள் ஜிஎல் லைப்ரரிக்குள் நூற்றுக்கணக்கான கோப்புகளோடு பின்னிக் கிடந்திருந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு மேம்பாடும் பூட்டுக்குள் போயிருக்கும். நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஓபன்சோர்ஸ் எழுதும் நம் ஊர் டெவலப்பர்கள் இந்த ஒரு நிகழ்வை ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பகுதி பொதுவானது என்று தெரிந்ததும் அதை அப்போதே, நிறுவனத்தின் சம்மதத்தோடு, தனிக் களஞ்சியமாக எடுத்து வைப்பதற்கான நேரம் உறவு நன்றாக இருக்கும்போதுதான் கிடைக்கும்.

போர்

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் மீது முழுப் படையெடுப்பு தொடங்கியது. லீஃப்லெட்டின் தளத்தைத் திறந்தவர்களுக்கு, இதை எழுதியவரின் ஊரில் குண்டு விழுகிறது என்ற செய்தி முதலில் தெரிந்தது. திட்டத்தைப் பராமரிக்கும் மற்றவர்கள் எழுதி வைத்தது அது. ஏப்ரல் 18-ல், போர் நடந்துகொண்டிருந்த நிலையில், 1.8 பதிப்பு வந்தது. அதில் வரைபடத்தின் கீழ் மூலையில் லீஃப்லெட் பெயருக்குப் பக்கத்தில் சிறிய உக்ரைன் கொடி சேர்ந்திருந்தது.

உலகம் முழுக்கப் பதிப்பை மேம்படுத்திய தளங்களில் எல்லாம் அந்தக் கொடி தோன்றியது. ஆதரித்தவர்கள் நிறைய; அரசியல் சின்னம் தங்கள் தளத்தில் வரக் கூடாது என்று ஆட்சேபித்தவர்களும் உண்டு. ஒரே வரியில் அதை எடுத்துவிட வழி இருந்தது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை ஆண்டுகள் விலையில்லாமல் உழைப்பைக் கொடுத்தவர், தன் ஊர் எரியும்போது இரண்டு வண்ணங்களை ஒரு மூலையில் வைப்பதை நான் குறையாகக் காணவில்லை. அதே சமயம், அரசுத் தளமோ மருத்துவமனைத் தளமோ நடத்துகிறவர் பதிப்பு மாற்றத்தின் குறிப்புகளைப் படிக்காமல் அப்டேட் செய்யக் கூடாது என்பதையும் அது காட்டியது.

சரியாக வராதவை

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாவிட்டால் இது வெறும் பாராட்டுரையாகிவிடும்.

லீஃப்லெட்டின் 0.7 பதிப்பு வந்தது 2013 நவம்பரில். 1.0 வந்தது 2016 செப்டம்பரில். நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். முதன்மை ஆசிரியரின் கவனம் வேறு வேலைக்குப் போனபோது திட்டம் தள்ளாடியது. இவான் சான்செஸ் ஒர்த்தேகா, பெர் லீட்மன் போன்றவர்கள் தோள் கொடுத்ததால்தான் கரை சேர்ந்தது.

பிளகின் கொள்கைக்கும் ஒரு விலை உண்டு. எல்லாவற்றையும் வெளியே தள்ளியதால், முக்கியமான வசதிகளே யாரோ ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கின்றன. பிளகின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல ஆண்டுகளாகக் கை படாதவை எத்தனையோ. மையம் சிறியதாக இருப்பதன் சுமை ஓரத்தில் இருப்பவர்கள் மேல் விழுகிறது. இதற்கு லீஃப்லெட்டிடம் நல்ல விடை இல்லை என்றே நினைக்கிறேன்.

வரைபடத்தைச் சுழற்றுவது மையத்தில் கிடையாது. வெக்டர் டைலும் கிடையாது. இவை தேவைப்படும் திட்டத்துக்கு மேப்லிப்ரேதான் பொருத்தம். லீஃப்லெட்டை வளைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இங்கே பயன்படுத்தும்போது

2015-ன் கடைசியில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவின் மேல் ஒரு வரைபடம் எழுந்தது. யார் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து, தண்ணீர் நிற்கும் தெருவைத் தட்டிக் குறிக்கலாம். வெள்ளம் நடந்துகொண்டிருந்தபோதே அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், தெருக்களின் தரவும் அதைக் காட்டும் கருவிகளும் திறந்து கிடந்ததுதான். எவரிடமும் உரிமம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

இப்படி ஒன்றைச் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். லீஃப்லெட் இலவசம் என்பதால் டைலும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. அதிகப் போக்குவரத்து உள்ள தளம் அவற்றை நேரடியாக உறிஞ்சக் கூடாது என்று தெளிவான விதி இருக்கிறது. சொந்தமாக டைல் தயாரிக்க வேண்டும், அல்லது பணம் கட்டும் சேவையை எடுக்க வேண்டும். தரவு யாருடையது என்ற வரியை மூலையிலிருந்து அழிப்பதும் விதிமீறல். இந்திய அரசுத் துறைகளுக்குச் செய்யும்போது நாட்டு எல்லைக்கோடு அதிகாரப்பூர்வ வரைபடப்படி இருக்க வேண்டும். பின்னணி டைலை மட்டும் மாற்றினால் போதும் என்பது இங்கே பெரிய வசதி.

அப்புறம், ஆயங்களின் வரிசை. லீஃப்லெட் முதலில் அட்சரேகையைக் கேட்கும். ஜியோஜேசனில் முதலில் வருவது தீர்க்கரேகை. சென்னையை 13.08, 80.27 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் திருப்பிக் கொடுத்தால், மார்க்கர் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். வரைபடம் வெறுமையாகத் தெரிந்தால், அதை வைத்திருக்கும் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் உயரம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வட்டங்கள் வரைய வேண்டும் என்றால் எஸ்விஜியை விட்டுக் கேன்வாஸுக்கு மாறுங்கள். பல லட்சம் என்றால் சூப்பர்கிளஸ்டரை லீஃப்லெட்டோடு நேரடியாக இணைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை.

2025 மே மாதத்தில் லீஃப்லெட் 2.0-வின் முதல் ஆல்ஃபா (சோதனைப் பதிப்பு) வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான பழைய கோட் முழுக்கப் போய்விட்டது. எல்லாமே இஎஸ் மாட்யூல்கள், அதாவது தேவையானதை மட்டும் இறக்குமதி செய்துகொள்ளும் கோட் துண்டுகள். சுட்டி, விரல், பேனா எல்லாவற்றுக்கும் உலாவியின் பாயின்டர் நிகழ்வுகள். பதினான்கு ஆண்டுகளாக எல்லா எடுத்துக்காட்டுகளும் நம்பியிருந்த L என்ற ஒற்றை எழுத்து உலகளாவிய மாறி இனி மையப் பொதியில் வராது. வேண்டியதைப் பெயர் சொல்லி இறக்குமதி செய்ய வேண்டும். பழைய பிளகின்களில் பாதி இதில் உடையும் என்று எதிர்பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தளங்களை 1.9.4-லேயே வைத்துக்கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் பிளகின்கள் ஒவ்வொன்றும் 2.0-க்கு மாறிவிட்டதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். மாறாத பிளகின் ஒன்று உங்களுக்கு அவசியம் என்றால், அதை மாற்றித் தரும் பேட்சை (திருத்தக் கோட்டை) நீங்களே அனுப்புங்கள். எதிர்முனையில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவருக்கு அது பெரிய உதவி.